டாலர் குறியைத் தட்டச்ச வேண்டாம்

ஒரு நிரல்மொழியின் நிறுவல் குறிப்பைப் படிக்க வருபவருக்குப் பெரும்பாலும் அந்த மொழியைப் பற்றி எதுவும் தெரியாது. எழுதுபவருக்கோ அதை முதன்முதலில் நிறுவிய நாளே நினைவில் இருக்காது. அதனால் பல குறிப்புகள் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தேர்ந்த கை எழுதிய குறிப்பில், கட்டளைக்குத் திரை என்ன பதில் தரும் என்பதும், அந்தப் பதில் வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தே இருக்கும்.

மிகச் சிறிய தடங்கல் ஒன்றைப் பார்க்கலாம். பல குறிப்புகளில் கட்டளை வரிகள் டாலர் குறியோடு தொடங்கும். யூனிக்ஸ் வழிவந்த பல கணினிகளில், கட்டளைக்காகக் காத்திருப்பதைக் காட்ட டெர்மினல் என்ற கட்டளைச் சாளரம் தானே போட்டுக்கொள்ளும் குறி அது. புதியவர் அதையும் சேர்த்து நகலெடுத்து ஒட்டுகிறார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று டெர்மினல் சொல்லிவிடுகிறது. விண்டோஸில் பழகியவர் அந்தக் குறியைத் தன் திரையில் பார்த்தே இருக்கமாட்டார். ஒரே ஒரு வரி விளக்கம் இதைத் தீர்த்துவிடும்.

பைத்தான் மொழியில் வேறொரு தடங்கல். விண்டோஸுக்கான அதன் நிறுவி நெடுங்காலமாக முதல் திரையின் அடியில் ஒரு சிறு கட்டத்தை வைத்திருந்தது. பைத்தானைப் ‘பாத்’தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் அது, தானாக டிக் ஆகியிருக்காது. தட்டச்சு செய்த பெயருக்குரிய நிரலைக் கணினி எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத். கட்டத்தைக் கவனிக்காமல் தாண்டியவருக்கு நிறுவல் வெற்றி என்றே திரை சொல்லும். பிறகு விண்டோஸின் கட்டளைச் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பைத்தான் என்று அடித்தால், அப்படி எதையும் தெரியாது என்ற பதில் வரும். அண்மைய விண்டோஸ் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்வதும் உண்டு. தவறு நடந்தது ஓரிடம், தெரிவது வேறிடம். இங்கேதான் புதியவர் தன் அறிவின்மீதே சந்தேகப்படத் தொடங்குகிறார்.

2014இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் நிரலாக்கப் பயிற்சிப் பட்டறையின் பாடநூல் அந்தக் கட்டத்தைப் படம்போட்டே காட்டுகிறது. கட்டளை வரி என்றால் என்ன, கட்டளையைத் தட்டச்சும் கறுப்புச் சாளரம் எந்த மெனுவில் இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகச் சொல்கிறது. குரோம்புக் வைத்திருப்பவரைக்கூட விட்டுவிடவில்லை. பட்டறைக்கு முந்தைய மாலையில் எல்லோரும் கூடி நிறுவலை மட்டும் முடிப்பதும் அவர்களிடம் வழக்கம். நிறுவல் என்பது தனியாக ஒரு மாலைப் பொழுதைக் கேட்கும் வேலை என்று ஒப்புக்கொண்ட நேர்மை அது.

நிறுவல் குறிப்பு எழுதும் கலையின் உச்சம் என்று சொல்லத் தகுந்தது, ரஸ்ட் என்ற நிரல்மொழிக்காக ஸ்டீவ் கிளாப்னிக், கேரல் நிக்கோல்ஸ் உள்ளிட்டோர் எழுதிய ‘தி ரஸ்ட் புரோகிராமிங் லாங்குவேஜ்’ நூலின் நிறுவல் பகுதி. டாலர் குறியைத் தட்டச்ச வேண்டாம் என்பதையும், அந்தக் குறி இல்லாத வரிகள் பெரும்பாலும் கணினி தரும் விடை என்பதையும் தொடக்கத்திலேயே ஒரு சிறு பெட்டிக்குள் சொல்லிவிடுகிறது. பிறகு லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஒரே கட்டளை. நிறுவல் முடிந்ததும் வரவேண்டிய வாசகத்தை அப்படியே அச்சிட்டுக் காட்டுகிறது. அடுத்து லிங்கர். தொகுத்த துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் கருவி இது. பல கணினிகளில் ஏற்கெனவே இருக்கும், சிலவற்றில் இருக்காது. லிங்கர் பெயரில் பிழை வந்தால் ஒரு சி கம்பைலரை நிறுவிக்கொள்ளச் சொல்லி, மேக்குக்கான கட்டளையையும் உபுண்டுவுக்கான தொகுப்பின் பெயரையும் தருகிறது. பிழை வருவதற்கு முன்பே மருந்து கையில் இருக்கிறது. விண்டோஸ் பகுதி மட்டும் இந்தத் தரத்துக்கு வரவில்லை. பல ஜிகாபைட் அளவுள்ள விஷுவல் ஸ்டுடியோ கருவிகளை நிறுவும் வேலையை இரண்டொரு வரியில் கடந்துவிடுகிறது.

நிறுவல் சரியாக நடந்ததா என்று சரிபார்க்கும் இடம் தனி அழகு. பதிப்பு எண், ஒரு குறியீடு, தேதி ஆகிய மூன்றும் எந்த வரிசையில் தோன்றும் என்று மாதிரி வரி இருக்கிறது. தோன்றாவிட்டால் பாத்தைப் பார்க்கும் வழி கமாண்ட் பிராம்ப்டுக்கு ஒன்று, விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லுக்கு ஒன்று, லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஒன்று என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ரஸ்டை மொத்தமாக நீக்கும் கட்டளையும் அதே பகுதியில் உண்டு. வேண்டாமென்றால் சுவடின்றி எடுத்துவிடலாம் என்று தெரிந்தவர் தயக்கமில்லாமல் நிறுவிப் பார்ப்பார். மற்ற மொழிகளின் குறிப்புகளில் இது அரிது.

அந்த நூல் முழுவதும் இணையத்தில் இலவசம். ரஸ்டை வழக்கமான முறையில் நிறுவியவர் கணினியிலேயே அதன் பிரதியும் இறங்கியிருக்கும். இணைய இணைப்பு இல்லாதபோதும் ஒரே கட்டளையில் உலாவியில் திறந்து படிக்கலாம்.