முழங்காலுக்குக் கீழே பனிக்காலம்

உச்சிப்புளியின் பனிக்காலம் முழங்காலுக்குக் கீழே நடக்கிறது. நிமிர்ந்து நடப்பவருக்கு அது தெரியாது. தை பிறக்கும் வாரத்தில்கூட விடிகாலை வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வடக்கே சில கிலோமீட்டரில் பாக் விரிகுடா, தெற்கே சில கிலோமீட்டரில் மன்னார் வளைகுடா. நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற இந்த நிலத்தைக் கடல் குளிர விடுவதில்லை. ஸ்வெட்டர் வேண்டாம், தலையில் ஒரு துண்டு போதும். ஆனால் தரையைப் பாருங்கள். பனைமட்டை வேலியின் அடிவரிசையில் மட்டும் நீர் கோத்து நிற்கும். தெருமணலின் மேல்பரப்பு இரவுப் பனியில் நனைந்து மெல்லிய ஓடாக இறுகியிருக்கும். மிதித்தால் அந்த ஓடு உடைந்து, அடியிலிருந்து நேற்றைய வெயிலின் உலர்மணல் வெளுப்பாக எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுத்தது செவலை.

செவலை தெருவில் பிறந்த நாட்டுநாய். குட்டையான செம்பழுப்பு மயிர், நிமிர்ந்த காது, முதுகின் மேல் சுருண்டு நிற்கும் வால். இந்த மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து 'ராமநாதபுரம் மண்டை' என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கனத்த தலைகொண்ட இனம் ஒன்று உண்டு. அதன் சாயல்கூட இதற்கு இல்லை. 2005இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையத்துக்கு அதில் இடம் கிடைத்தது. 2017இல் இந்திய நாய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார் தியடோர் பாஸ்கரன். பெயருள்ள இனங்களுக்கு இப்படிக் கொஞ்சம் மரியாதை கிடைக்கத் தொடங்கியிருப்பது நல்லது. பெயரில்லாத செவலை வகையறாவுக்கும் அது வந்துசேர வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் காற்றுக்கும் மணலுக்கும் உப்புக்கும் இவற்றைவிடப் பொருந்திய உடம்பு வேறு எந்த நாய்க்கும் இல்லை.

வாசல் தாண்டியதும் செவலை செய்யும் முதல் காரியம் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்ப்பது. ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது அதன் முகம் தெற்கே, புதுமடம் பக்கம் திரும்பும். ஐப்பசி மழையோடு வாடை எழும்பிவிட்டால் முகம் வடக்கே, அரியமான் பக்கம் போய்விடும். கடலுக்குப் போகிறவர்களும் இப்படித்தான் திரும்புகிறார்கள். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணிந்து கிடக்கும். கச்சான் காலத்தில் அது தலைகீழ். அதனால் பருவம் பார்த்து ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாட்டுப்படகை மாற்றிக்கொண்டு போவது இந்தப் பகுதிக் கடல்காரர்களின் பழைய வழக்கம். படகை நகர்த்த மனிதர்களுக்கு ஒரு பகல் வேண்டும். செவலைக்குக் கழுத்தைத் திருப்பினால் போதும்.

பிறகு மூக்கு தரைக்கு வந்துவிடும். பனிக்காலத்தில் அது தரையை விட்டு எழுவதே கஷ்டம். அதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் படுத்துக்கிடக்கிறது. வெயில் ஏறிக் காற்றைக் கலக்கும்வரை இரவில் வந்துபோனவர்களின் வாசம் எல்லாம் கணுக்கால் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. மண்ணின் ஈரமும் அதைப் பிடித்துவைக்கிறது. நாயின் மூக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூச்சை விடும்போது காற்று மூக்கின் ஓரத்துப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் வெளியேறுவதால், எதிரே கிடக்கும் வாசம் அதிகம் கலைவதில்லை. மணலில் அதன் சாட்சியைப் பார்க்கலாம். செவலை நின்று முகர்ந்த இடத்தில், மூக்கு நின்ற புள்ளிக்கு இரண்டு பக்கமும் விசிறி விரித்த மாதிரி இரண்டு சின்னத் தடங்கள் மணலில் ஊதப்பட்டிருக்கும். நடுவே ஒரு துகள்கூட நகர்ந்திருக்காது. அந்த அழகுக்காகவே நான் கயிற்றை இழுப்பதில்லை. அது முடித்துக்கொண்டு கிளம்பும்வரை நிற்கிறேன்.

நிற்கிறவனுக்குக் கிடைப்பவை எத்தனையோ. மார்கழியில் வாசல்கள் நேரத்தோடு விழித்துவிடுகின்றன. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, அது ஓய்ந்த இடைவெளியில் பள்ளிவாசலின் பஜர் பாங்கு. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் ஒன்று தை பிறந்த பிறகும் திண்ணை மேல் எரிந்துகொண்டிருக்கும். கோலத்தின் நடுவில் சாணி உருண்டை, அதில் பூசணிப்பூ. இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. நாயோடு நின்று பார்த்தால்தான் அடுத்தது தெரியும். பச்சரிசி மாவில் போட்ட கோலத்தைக் காலை ஏழு மணிக்குள் எறும்புகள் ஓரத்திலிருந்து கரைக்கத் தொடங்குகின்றன. புள்ளியைத் தொடுவதற்கு முன்னால் இழையைத்தான் தின்கின்றன, மாவு மெலிசாக விழுந்த இடம் அது. கல்மாவுக் கோலத்தில் எறும்பும் இல்லை, செவலையின் அக்கறையும் இல்லை. பூசணிப்பூவைக் கிட்டத்தில் போய் முகர்ந்தால் அதன் உள்ளே இரவு தங்கிய சின்ன வண்டு ஒன்று மகரந்தப் பொடி பூசிக்கொண்டு புறப்படும். கோலத்தின் மேல் கால் வைக்காமல் சுற்றிப் போகச் செவலைக்குப் பழக்கிவிட்டேன். இரவுப்பூனைகளுக்கு யார் பழக்குவது? கோலத்தின் குறுக்கே போகும் தடத்தில் நகக்குறி இருந்தால் நாய், இல்லையென்றால் பூனை. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே மடக்கிக்கொள்கிறது. வாசல்தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் கோலத்து நடுவில் இருந்த தடத்தைக் காட்டி, "உங்க நாயி இல்லண்ணே, எனக்குத் தெரியும். இது சின்னப்பாதம், நகமும் பதியல" என்றார். நான் பல காலம் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் வாசலில் நின்றபடியே படித்துவிட்டார்.

டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறது இந்தப் பருவத்தின் உயிரான இடம். விறகடுப்பின் சாம்பலை இரவு கடை மூடும்போது அங்கே ஒரு குழியில் கொட்டுகிறார்கள். விடியும்வரை அது உள்சூடு ஆறாமல் கிடக்கும். தெருநாய்களுக்குப் பெரும்பாலும் வருஷத்தில் ஒரு பருவம்தான். ஐப்பசியில் கூடினால் அறுபத்துமூன்று நாள் போலச் சுமந்து, மார்கழியில் ஈனும். மழை ஓய்ந்து ஈரம் மிச்சமிருக்கும் நேரத்தில், வருஷத்தின் குளிர்ந்த வாரங்களில், கண் திறக்காத குட்டிகள் பூமிக்கு வருகின்றன. அந்தக் குட்டிகளுக்குச் சொந்தமாக உடல்சூட்டைக் காக்கும் திறன் முதல் இரண்டு வாரம் கிடையாது. தாயும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கூடப்பிறந்தவையும்தான் போர்வை. டீக்கடைச் சாம்பல் இங்கே இரண்டாவது தாய். குழியின் வடக்கு ஓரத்தில், வாடைக்கு முதுகைக் கொடுத்துத் தாய்நாய் படுக்கும். குட்டிகள் தெற்கே, சாம்பலுக்கும் வயிற்றுக்கும் நடுவே. வாடை ஓயும் நாளில் அவள் எந்தப் பக்கமும் படுப்பாள். வாடை அடிக்கும் நாளில் மட்டும் அந்த ஒழுங்கு பிசகாது. சாம்பல் பூசிய ஐந்தாறு உருவங்கள் விழித்துச் சோம்பல் முறிக்கும்போது கறுப்பு எது, செவலை எது, வெள்ளை எது என்றே தெரியாது. வெயில் ஏறி உடம்பை உதறினால்தான் நிறம் வரும். செவலை அங்கே போனதும் பத்தடி தள்ளி நின்றுவிடுகிறது. தாய்நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. செவலை வாலைத் தாழ்த்தி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறது. 'உன் குட்டிகளை நான் பார்க்கவில்லை' என்று சொல்லும் நாகரிகம் அது. கடைக்காரர் காலை முதல் கண்ணாடி டம்ளரை நிரப்புவதற்கு முன், முந்தின நாள் பால்சட்டியைக் கழுவின தண்ணீரை அந்தப் பக்கமாகத்தான் ஊற்றுகிறார்.

கொஞ்சம் தள்ளிப் பனங்கிழங்குப் பாத்தி. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி மணலைக் குவித்து நெருக்கமாக அடுக்கிப் புதைத்திருப்பார்கள். கொட்டையிலிருந்து முளை கீழ்நோக்கி இறங்கி, மார்கழி, தையில் பிடுங்கும் பதத்துக்குக் கிழங்காகும். மேலே நின்று பார்த்தால் அது வெறும் மணல்மேடு. செவலை அதன் மேல் ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அடியில் எலி நடக்கிறதோ, வேறு எதுவோ எனக்குக் கேட்பதில்லை. அதனுடைய காது ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பித் திரும்பி ஓரிடத்தில் வந்து நிலைக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் பாத்தியைத் திறக்கும்போது ஈரமணலின் வாசமும் பச்சைக் கிழங்கின் வாசமும் தெருமுனை வரை வரும். அப்போது எனக்கும் மூக்கு உண்டு. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, கட்டுக்கட்டாகச் சாலையோரம் விற்கும் அப்பத்தா ஒருவர், ஒரு கிழங்கைப் பிளந்து நடுநரம்பை உருவி எறிந்து, நாரையும் ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்து, துண்டாக்கிச் செவலைக்குப் போடுவார். "நாரோட குடுத்துராதீக, தொண்டையில நிக்கும்" என்பார். பேரப்பிள்ளைக்குச் செய்யும் அதே பொறுமை.

மழைக்குப் பிந்தின தரையில் நெருஞ்சி படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பூ சூரியன் பக்கம் முகம் வைத்திருக்கும், காய் எங்கள் கால்பக்கம் முள் வைத்திருக்கும். செவலை நடையின் நடுவில் மூன்று காலில் நின்றால் நெருஞ்சிதான். நானும் மணலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கோடையில் வெடித்துச் சொரசொரத்திருக்கும் அடித்தோல் இந்த மாதங்களில் இளகி மிருதுவாக இருக்கிறது. விரல்களுக்கு நடுவே உப்பும் ஈரமணலும் அப்பியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நெஞ்சுமயிரில் நாயுருவி விதைகளை எடுக்க வேண்டும். மயிரின் போக்கிலே இழுத்தால் வராது, எதிர்ப்போக்கில் தள்ளிவிட்டு உருவினால் ஒவ்வொன்றாக வரும். செடி தன் பிள்ளைகளை ஊர் தாண்டி அனுப்ப எங்களை வண்டியாக்கிக்கொண்டது. நான் உதறிப்போட்ட கொல்லைமூலையில் அடுத்த மழைக்கு நாயுருவி முளைத்திருக்கும்.

நெடுஞ்சாலையில் இந்த மாதங்களில் கறுப்பு வேட்டி பக்தர்களின் வண்டிகள் ராமேஸ்வரம் பக்கம் ஓயாமல் போகும். நாயோடு அங்கே அதிகம் நிற்க முடியாது. 2009இல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்ற கடற்படை விமானத்தளத்திலிருந்து ஹெலிகாப்டர் எழும்பினால், தலைக்கு மேலே சத்தம் வருவதற்கு வெகுமுன்பே செவலை வானம் பார்க்கும். ரயிலும் அப்படியே. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியபின் தீவுக்குள் ரயில் போகாமல் இருந்து, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு விடிகாலை வண்டிகளின் ஓட்டம் பழையபடி திரும்பியது. தண்டவாளத்தில் எனக்கு எதுவும் கேட்காத நேரத்தில் செவலை உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்தால் நானும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுவேன்.

விடுமுறை நாட்களில் கடற்கரைக்கு. பனிக்காலத்தில் இரண்டு கரைக்கும் இரண்டு குணம். அரியமான் பக்கம் வாடையின் அலை கடற்புல்லை வாரிவந்து கரையில் அடுக்கடுக்காகத் தள்ளியிருக்கும். மேலடுக்கு உலர்ந்து பழுப்பாக, அடியடுக்கு பச்சை மாறாமல், நடுவே அழுகத் தொடங்கிய கறுப்பு. செவலை அந்தக் கறுப்புக்குள் தோளை வைத்துப் புரண்டு எழுந்தால் அன்றைக்கு அதற்குத் திருநாள், எனக்குக் கிணற்றடி வேலை. புதுமடம் பக்கமோ கடல் மட்டமாக, தெளிவாக, அடிமணல் தெரியக் கிடக்கும். கரையில் சூடையும் காரலும் கூடையில் இறங்கும். அடப்பங்கொடி மேட்டில் ஏறிப் படர்ந்திருக்கும். ராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் முந்தின பருவத்தில் உருண்டு போன தடம்கூட இல்லாமல் மணல் மழையில் கழுவப்பட்டிருக்கும். ஈரமணலில் குழிநண்டு வெளியே தள்ளிய மண் ஒரே பக்கமாக விசிறி விழுந்திருப்பதையும், துளையின் வாய்க்கும் அந்தக் குவியலுக்கும் நடுவே அது கால்களால் சீவிவைத்த ஓடுபாதையையும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அலை பின்வாங்கும் ஓரத்தில் உப்புக்கொத்திகள் கூட்டமாக ஓடும், நிற்கும், ஒருமுறை கொத்தும், மறுபடி ஓடும். வாடைக்கு நெஞ்சைக் காட்டி எல்லாம் ஒரே திசை பார்த்து ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும். அவற்றில் மணல்நிறக் குட்டைமூக்குப் பறவைகள் நடு ஆசியாவின் மேட்டுநிலங்களில் முட்டையிட்டு வளர்ந்தவை. இமயத்தைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றுப்புழுக்களிலிருந்துதான் சேர்க்கின்றன. ஒரு நாய் ஒருதரம் துரத்தினால் கூட்டம் முழுதும் எழும்பி, சேர்த்ததில் கொஞ்சத்தைப் பறந்தே செலவழிக்கும். தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் தமிழக அரசு அங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறது. உச்சிப்புளிக் கரையில் நிற்கும் இந்தச் சின்னவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் கையில் இருக்கும் கயிறுதான் இருக்கிறது.

ஆமையும் இந்த மாதங்களில்தான் கரையேறுகிறது. தையிலிருந்து பங்குனிவரை பங்குனி ஆமை இரவில் வந்து, பின்துடுப்பால் குடம் போலக் குழிதோண்டி, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போகும். அந்த வாசத்தை நாய் கண்டுபிடித்துவிட்டால் குழி தப்பாது. கரையோரத்து ஆமைக்குழிகளுக்கு நாய்களால் நேரும் சேதம் பெரிது. முட்டை பொரிய ஏழு வாரம் போல ஆகும். ஆகவே வைகாசி முடியும்வரை செவலை கடற்கரையில் என் இடதுபக்கமாகத்தான் நடக்கும். உப்புக்கொத்திகள் வடக்கே போய், கடைசிக் குஞ்சாமையும் தண்ணீர் சேர்ந்த பிறகு கயிறு அவிழும். அப்புறம் குழிநண்டைத் துரத்திக்கொண்டு புதுமடம் கரை முழுக்க ஓடலாம்.