எழுத்து தெரியாத கண்ணுக்கும் தெரிய வேண்டும்: டிவி சேனல் லோகோவை ரசிப்பது எப்படி?

ஒரு டிவி சேனலின் லோகோ நன்றாக இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்ல நல்ல இடம் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளிலும் மெஸ்களிலும் டிவி சுவரின் உச்சியில் இருக்கும். பார்ப்பவர் பத்து பதினைந்து அடி தள்ளி நிற்பார். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும். அந்தத் திரையைப் பார்ப்பவர்களில் உள்ளூர்த் தமிழர் உண்டு. ஆரம்பாக்கம் தாண்டி தடா பக்கத்திலிருந்து வரும் தெலுங்கர் உண்டு. ரோலிங் மில்லிலும் வார்ப்பாலையிலும் ஷிப்ட் முடித்து வரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எழுத்து என்று ஒன்று கிடையாது. ரிமோட் சேனல் மாற்றிக்கொண்டே போகையில், இது எந்தச் சேனல் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு மூலையில் இருக்கும் அந்தச் சிறு சின்னத்துடையது. அதன் எழுத்தை வாசிக்கத் தெரியாதவரும் அதை அடையாளம் கண்டுகொண்டால்தான் அது நல்ல லோகோ என்பது என் கட்சி. வண்ணம், பளபளப்பு, முப்பரிமாணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்படிச் சொல்லக் காரணம், சேனல் லோகோவின் பிழைப்பு மற்ற லோகோக்களுடையதைவிடக் கடினமானது. சோப்பு டப்பாவின் லோகோவுக்கு அதன் பின்னணி எது என்பது முன்கூட்டியே தெரியும். சேனல் லோகோவின் பின்னால் ஒரு நொடி வெள்ளை வேட்டி, அடுத்த நொடி இருட்டுக் காடு, அதற்கடுத்து மதிய வானம். எதன் மேல் நின்றாலும் அது கரையக் கூடாது. அதே சமயம் நாயகியின் முகத்தை மறைத்துக்கொண்டு துருத்தவும் கூடாது. அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் பளிச்சென்ற வடிவம் சிலவகைத் திரைகளில் தழும்புபோலப் பதிந்துவிடும் என்பதால் பல சேனல்கள் லோகோவைக் கண்ணாடிபோல மங்கலாக்குகின்றன. அப்போது வண்ணத்தின் பலத்தில் பாதி போய்விடும். பழைய பெட்டி டிவிகள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் விழுங்கிவிடும் என்பதால் லோகோவைச் சற்று உள்ளே தள்ளி வைத்தார்கள். தமிழக அரசு 2006 முதல் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அதில் லோகோ ஒரு கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருந்திருக்காது. இன்றைய அகலத் திரையிலும் தொல்லை தீரவில்லை. பழைய அளவுப் படத்தைத் திரை முழுக்க இழுத்துவைத்துப் பார்க்கும் கடைகளில் வட்டம் முட்டையாகிவிடுகிறது. ஆகவே ரசிக்கத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, அறையின் கடைசிச் சுவர்வரை பின்னால் போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சேனல்களை வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். எது இன்னும் தன் பெயரைச் சொல்கிறது, எது வெறும் வண்ணத் திட்டாகிவிட்டது என்பது இரண்டு சுற்றில் விளங்கிவிடும்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இந்தச் சோதனை புதிதாக இருக்காது. அங்குள்ள ஆலைகளில் உருட்டப்படும் முறுக்குக் கம்பியின் மேல் கம்பெனியின் அடையாளம் குறிப்பிட்ட இடைவெளியில் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைக்கு நடுவே ஓடும் வேகத்தில் பதிகிற அடையாளம் அது. அங்கே வண்ணமில்லை, நிழலில்லை, நுணுக்கமான கோடு நிற்காது. தடித்த, தெளிவான சில வெட்டுகள் மட்டுமே கம்பியில் மிஞ்சும். கட்டட வேலைக்காரர் தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்து இன்ன கம்பெனி என்பார். சேனல் லோகோவிலும் இழப்புகளுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தூர்தர்ஷனின் கண் இதில் மிகப் பெரிய பாடம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஷ் பட்டாசார்யா வரைந்தது அது. 1976 ஏப்ரல் 1-ல் தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானபோது திரைக்கு வந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 1975 ஆகஸ்ட் 15-ல். ஆக, சென்னையிலும் அதன் வடபுறத்திலும் வீட்டில் முதன்முதலாகப் பெட்டி வாங்கியவர்களுக்கு அந்தக் கண்ணும் தொலைக்காட்சியும் ஏறத்தாழ ஒன்றாகவே அறிமுகமாயின. நடுவில் ஓர் உருண்டை, அதை இருபுறமும் தழுவி எதிரெதிராக ஓடும் இரண்டு வளைவுகள். அவ்வளவுதான். பார்த்தால் கண், இன்னொரு பார்வைக்குச் சுழற்சி. அதை அசைவூட்டியபோது வளைவுகள் சுழன்று சுழன்று கடைசியில் கண்ணாகக் கூடுவதாக அமைத்தார்கள். அந்தச் சுழற்சி வெளியிலிருந்து ஒட்டவைத்த வித்தையல்ல. நின்றுவிட்ட படத்திலும் வளைவுகளின் போக்கில் அது இருக்கிறது. மூலையில் அசையாமல் இருக்கும்போதும் சுழலப்போவதுபோல் தோன்றுவது இதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-ல். அந்தக் கண் கறுப்பு வெள்ளைக் காலத்தில், மழைக்கும் காற்றுக்கும் ஆன்டெனா திரும்பிப் புள்ளி புள்ளியாகிப்போகும் படத்தில் பிழைக்க வேண்டியிருந்தது. வண்ணத்தின் உதவி கிடைக்காது என்று தெரிந்த ஓவியர் முழுப் பாரத்தையும் வடிவத்தின் மேல் ஏற்றினார். அமெரிக்காவில் 1951-ல் வில்லியம் கோல்டன் சிபிஎஸ் சேனலுக்கு வரைந்த கண்ணும் கறுப்பு வெள்ளையில் பிறந்ததே; அதுவும் இன்றுவரை மாறவில்லை. வறுமையில் பிறந்த இந்த இரண்டு கண்களும் செழுமையில் பிறந்த பல லோகோக்களைவிட நீண்ட ஆயுள் பெற்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து சன் டிவியின் சூரியன். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சேனல் தொடங்கியது. பெயரும் படமும் ஒன்றே என்பது அதன் முதல் வசதி. பெயரை வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்குச் சூரியன். இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். வட்டமும் கதிர்களும் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும், இழுத்துத் தட்டையாக்கினாலும் சூரியனாகவே இருக்கும். தமிழ்நாட்டில் உதயசூரியன் திமுகவின் தேர்தல் சின்னம். சேனலின் நிறுவனர் கலாநிதி மாறன் அக்கட்சியின் முன்னணித் தலைவர் முரசொலி மாறனின் மகன். எனவே இந்த லோகோவின் வெற்றி அரசியல் கொடுத்த வெற்றி, வடிவத்துக்கு அதில் பங்கில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. சுவர்களில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒரு வடிவம் டிவியில் வந்தபோது தமிழனுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் தெலுங்குச் சேனல் ஜெமினி, கன்னடச் சேனல் உதயா, மலையாளச் சேனல் சூர்யா ஆகியவையும் அதே சூரியச் சின்னத்தைத் தாங்கியே நிற்கின்றன. அந்த மாநிலங்களில் அந்தச் சூரியனுக்குப் பின்னால் அப்படியொரு கட்சிப் பழக்கம் இல்லை. இருந்தும் அது வேலை செய்கிறது. எல்லையோரத்து ஊர்களில் இதை நேராகவே பார்க்கலாம். ஜெமினி பார்த்து வளர்ந்த தெலுங்கர் தமிழ்ச் சேனல் வரிசைக்கு வந்ததும், ‘சன்’ என்ற தமிழ் எழுத்தை வாசிக்காமலேயே இது நம்ம ஜெமினியின் உறவு என்று புரிந்துகொள்ள அந்த வட்டம் போதும். 1960-ல் மாநில எல்லை திருத்தப்பட்டு திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது, இரண்டு எழுத்துகளும் புழங்கும் குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள்ளேயே பாட்டி தெலுங்கும் பேரன் தமிழும் வாசிப்பது அதிசயமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் சின்னம் எழுத்தைவிட நெடுந்தூரம் போகும்.

இங்கே ஒரு மறுப்பு கட்டாயம் எழும். தமிழ்ச் சேனலின் முகம் தமிழ் எழுத்தாகத்தானே இருக்க வேண்டும், படத்தை முன்னுக்குத் தள்ளுவது மொழியைப் பின்னுக்குத் தள்ளுவதாகாதா? தமிழ் எழுத்தை நேசிப்பவர்கள் எழுப்பும் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் நம் எழுத்தின் மேல் அக்கறை இருந்தால் அதன் உடலமைப்பையும் கவனிக்க வேண்டும். மூலையில் சிறுத்துப்போகும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து இகர விலங்கும் ஈகாரச் சுழியும் ஒன்றோடொன்று குழம்பும். ன, ண இரண்டின் சுழிகளும் கலங்கிவிடும். ‘சன்’ என்பதில் இரண்டே எழுத்து. ‘புதிய தலைமுறை’ என்பதில் ஏழு. நீளமான பெயரை மூலைக்குள் அடக்கும் கலைஞருக்கு எழுத்தைக் குறுக்குவதைத் தவிர வழி குறைவு. குறுக்கினால் வாசிக்க முடியாது. செய்திச் சேனல்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டதன் சூட்சுமத்தை இங்கேதான் பாராட்ட வேண்டும். தமிழில் நியூஸ் 7, நியூஸ் 18. தெலுங்கில் டிவி 9, டிவி 5. எண்ணை ஒடியாவில் படித்தவரும் இந்தியில் படித்தவரும் வாசிப்பார்கள். அகலமான, ஒற்றை உருவமுள்ள எண் தூரத்திலிருந்தும் உடையாது. பிரிட்டனின் சேனல் 4 அந்த எண்ணையே வண்ணக் கட்டைகளாகப் பிரித்துப் பறக்கவிட்டு மறுபடி கூட்டியது 1982-ல். தொலைக்காட்சி அசைவோவியத்தின் பெருமைகளில் ஒன்று அது. எண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. ஏழும் ஒன்பதும் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் எந்த மண்ணின் சேனல் என்று அவை சொல்வதில்லை. தமிழ் எழுத்து ஒன்றையே தடித்த, தனித்த உருவமாக வரைந்து சின்னமாக்குவது இந்தக் குறையைத் தீர்க்கும். நம் எழுத்தின் வளைவுகளில் அதற்கு வேண்டிய அளவுக்கு அழகு கிடக்கிறது. ஆனால் பெயர் முழுவதையும் அடைக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஓர் எழுத்தை நம்பும் துணிச்சல் வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு பழக்கத்தைப் பற்றியது. எந்த லோகோவானாலும் பத்தாண்டு தினமும் பார்த்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும், வடிவத்தின் தரத்துக்கு இதில் வேலை என்ன என்பது அது. 2017-ல் தூர்தர்ஷன் புதிய லோகோவுக்காகப் பொதுமக்களிடம் போட்டி அறிவித்தும், பழைய கண்ணே நிலைத்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பழக்கம் பெரிய சக்திதான். ஆனால் பழகுவதற்கே வடிவம் இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் என்பிசி வண்ண ஒளிபரப்பை விளம்பரப்படுத்த 1956-ல் ஒரு மயிலை அறிமுகம் செய்தது. பிறகு காலத்துக்கேற்ற நவீனம் வேண்டுமென்று 1976-ல், சரிந்த இரண்டு பட்டைகளால் ஆன ‘என்’ எழுத்தை லோகோவாக்கியது. நெப்ராஸ்கா மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி அச்சு அசலாக அதே வடிவத்தை ஏற்கெனவே வைத்திருந்தது தெரியவந்து, வழக்குக்குப் பின் கருவிகளும் பணமும் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு இடங்களில் இரண்டு பேர் ஒரே வடிவத்துக்கு வந்து சேர முடிகிறதென்றால், அந்த வடிவத்தில் யாருக்கும் சொந்தமான எதுவும் இல்லை என்று பொருள். நாடு முழுக்க நாள்தோறும் காட்டியும் அந்த எழுத்து நிலைக்கவில்லை. 1979-ல் மயில் அதனோடு சேர்ந்துகொண்டது, 1986-ல் மயில் மட்டும் மிஞ்சியது. திரும்பி வந்த மயிலைப் பாருங்கள். பதினொரு இறகு ஆறாகக் குறைந்துவிட்டது; உடல் வரையப்படவே இல்லை, இறகுகளுக்கு நடுவே விட்ட வெள்ளை இடமே உடலாகிவிட்டது. வண்ணத்துக்காகப் பிறந்த பறவை, வண்ணமில்லாமலும் மயிலாகத் தெரியும்படி இளைத்துத் திரும்பியிருக்கிறது.

வண்ணம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் தன் லோகோவைச் சிவப்பிலிருந்து காவிக்கு மாற்றியபோது நாடெங்கும் அரசியல் சர்ச்சை வெடித்தது. வண்ணம் என்ன சேதி சொல்கிறது என்று கேட்டவர்களும், அது வெறும் தோற்ற மாற்றம் என்று விளக்கியவர்களும் மோதினார்கள். இது எந்தச் சேனல் என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வரவில்லை. யார் என்பதை வடிவம் சொல்கிறது, எந்தப் பக்கம் என்பதை வண்ணம் சொல்கிறது. லோகோவைப் பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுவது நல்லது.

செட்டாப் பாக்ஸ் சேனலின் எண்ணையும் பெயரையும் தானே காட்டுகிறது, கைப்பேசியில் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள், இனி மூலைச் சின்னம் எதற்கு என்பவர்களும் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. செய்தித் துணுக்கு வாட்ஸ்அப்பில் தனியாக அலையும்போது அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல மூலையில் இருக்கும் லோகோவைத் தவிர நாதியில்லை. யூடியூபில் சேனலின் அடையாளம் ஒரு பொத்தான் அளவு வட்டத்துக்குள் அடங்க வேண்டும். கண்ணும் சூரியனும் அதற்குள் இயல்பாக உட்காருகின்றன, நீளப் பெயர்கள் நசுங்குகின்றன. தேர்தல் சமயத்தில் பிரபல சேனல்களின் நியூஸ் கார்டைப்போலவே போலிகள் உருவாக்கப்பட்டுச் சுற்றுவதும், அது எங்களுடையதல்ல என்று சேனல்கள் மறுப்பதும் நமக்குப் பழகிவிட்டது. போலி செய்பவர் வண்ணத்தை எளிதில் பிடித்துவிடுவார். பல சமயம் கோட்டின் தடிமனிலும், எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளியிலும், சின்னத்துக்கும் பெயருக்கும் உள்ள அளவிலும் பிசகிவிடுவார். அடுத்த முறை அப்படியொரு கார்டு கைக்கு வந்தால், செய்தியை வாசிக்கும் முன் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு லோகோவையும் அருகருகே வைத்து, வளைவு வளைவாக ஒப்பிட்டுப் பாருங்கள். லோகோ அப்படியே பொருந்தினாலும், அந்தக் கார்டு சேனலின் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகு நம்புங்கள்.