வேலிச் சீடாரின் பெருமை

ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் போன்சாய் தொடங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது ஆலும் அரசும்தான். ஊர்க் கோயில் வீதியில் நின்ற மரத்தைச் சட்டியில் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இலையுதிர்காலத்தில் இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் அதை உள்ளே தூக்கவேண்டும். அன்றிலிருந்து மே மாதம் வரை ஹீற்றர் உலர்த்திய காற்று, மங்கிய ஜன்னல் வெளிச்சம். கணு நீளும், இலை பருக்கும். மரம் உயிரோடிருக்கும், நாம் கட்டிய உருவம் கலைந்துவிடும். இந்த ஊரின் நான்கு பருவத்தையும் வெளியில் நின்று வாங்கும் மரத்தில்தான் இந்த ஊர்ப் போன்சாய் பிறக்கும் என்பது என் கட்சி.

தமராக் நல்ல மரம். அமூர் மேப்பிளும் குளிரைத் தாங்கும். ஆனால் என் மனம் நிற்பது வெள்ளைச் சீடார் என்னும் தூஜாவில்.

1950களில் எழுந்த நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு வேலியாய் நிற்கிறதே, அதே தூஜாதான். வருடா வருடம் கத்தரித்ததில் அடிமரம் பெருத்து, உயரம் அடங்கி நிற்கும். வேலி மாற்றுகிறவர்கள் அதைப் பிடுங்கி வீதியோரம் போடும்போது எனக்கு மனம் பதறும். நர்சரியில் அப்படியொரு அடிமரத்தை விலைக்குத் தேடினாலும் கிடைப்பது அரிது.

இதன் முழுப் பெருமையும் தெரிய நயாகரா மலைச்சரிவுக்குப் போகவேண்டும். மில்ற்றனுக்குப் பக்கத்தில் ரற்றில்ஸ்னேக் பொயின்ற் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். சுண்ணப்பாறை வெடிப்பில் வேரைச் செருகி, தலைகீழாய்த் தொங்கி, மறுபடி வானம் பார்த்துத் திரும்பிய சீடார்கள் தெரியும். 1988இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் லார்சனும் அவர் குழுவினரும் இந்தக் குள்ள மரங்களின் வளையங்களை எண்ணத் தொடங்கியபோதுதான் அவற்றின் வயது வெளியே வந்தது. பல நூறு வருடங்கள். சில ஆயிரத்தையும் தாண்டியவை. கோடரியும் காட்டுத்தீயும் எட்டாத பாறைமுகம் அவற்றைக் காத்து வந்திருக்கிறது.

லார்சன் குழு கண்ட இன்னொன்று போன்சாய்க்காரருக்குப் பொக்கிஷம். இந்த மரத்தில் ஒவ்வொரு வேரும் தனக்கு நேர்மேலே உள்ள தண்டுப் பகுதிக்கும் கிளைக்கும் மட்டுமே நீர் ஏற்றுகிறது. பாறை உடைந்து ஒரு வேர் போனால், அதன் வழியில் உள்ள பட்டை மட்டும் காய்ந்து வெளுக்கும். பக்கத்துப் பட்டை நாடாபோல் உயிரோடு ஏறும். ஜின், ஷாரி என்று கிளையிலும் தண்டிலும் பட்டை நீக்கி, வெளுத்த கட்டையாக நாம் கத்தியால் செதுக்குவதை அங்கே பாறை செய்து வைத்திருக்கிறது. சட்டி மாற்றும்போது எந்த வேரை வெட்டினால் எந்தக் கிளை போகும் என்று பார்த்து வெட்டவேண்டியதும் இதனால்தான். சீடாரின் வைரம் இலகுவில் உக்காது. செதுக்கிய வெள்ளை நம் ஈரக் கோடையிலும் நிற்கும்.

ஷிம்பாகு ஜுனிப்பரையும் கறுப்புப் பைனையும் கொண்டாடும் நண்பர்கள், சீடார் இலை தட்டையாய் விசிறிபோல் விரிகிறது, நுணுக்கம் வராது என்கிறார்கள். குற்றச்சாட்டில் பாதி உண்மை. முழு வெயிலில் வைத்து, நெரிந்த விசிறிகளைக் களைந்து, கம்பியால் மெல்லத் திருப்பிவிட்டால் அந்தத் தட்டையே அடுக்கடுக்கான மேகமாகும். பச்சையில்லாத பழைய கிளையில் மட்டும் மறுதளிர் எதிர்பார்க்கக்கூடாது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் இதற்கு ஒத்துப்போகிறது. அசேலியாவுக்கு அது ஆகாது.

சட்டி வேருக்கு நிலத்தின் காப்பு இல்லை. ஆகவே நம் குளிர் வலயத்தைவிட இரண்டு வலயம் கூடுதலாகத் தாங்கும் மரமாகப் பார்க்கவேண்டும். சீடார் அந்தக் கணக்கில் தாராளமாக நிற்கிறது. நவம்பரில் சட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, காற்றுப் படாத வடக்குச் சுவரோரம் விட்டு, மேலே பனியைக் குவித்தால் போதும். வேர் உறைந்திருக்க, மார்ச் வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சுவதுதான் பெரிய ஆபத்து.

லோரன்ஸ் அவெனியூ வழியே மேற்கே போனால் ரொறன்ரோ பொட்டானிக்கல் கார்டன். ரொறன்ரோ போன்சாய் சங்கத்தின் காட்சிகள் நடந்திருக்கும் இடம். தொடங்குகிறவர்கள் கடைக்குமுன் அங்கே போகட்டும். கடைகளில் இன்று மேலே கூழாங்கல் ஒட்டிய ஜுனிப்பர் கன்றுக்கும் வேர் ஊதிய ஃபைக்கஸுக்கும் போன்சாய் என்று சீட்டுக் கட்டி விற்கிறார்கள். ஜுனிப்பரை மேசையில் வைக்கச் சொல்லி அனுப்புவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. குளிர்கால உறக்கம் கிடைக்காத அந்த மரம் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாய்த் தெரியும். வாங்கியவர் தன் கை ராசியில்லை என்று கலையையே விட்டுவிடுகிறார். ஒரு நல்ல ரசிகரை இப்படி இழப்பது எனக்குப் பெரிய நட்டம்.

மலைச்சரிவில் இருந்து ஒரு கன்றும் எடுக்கக்கூடாது. அது காப்பு நிலம், 1990 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அங்கே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். மரத்துக்கு, வசந்தத்தில் வேலி பிடுங்கும் அயலவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சும்மா தருவார்.