தட்டுக்கு எத்தனை நட்சத்திரம்?

வாங்குமுன் சோதித்துப் பார்க்க முடியாத பொருள்களுக்குத்தான் மதிப்பெண் தேவைப்படுகிறது. கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கலாம், வேட்டியை விரித்துப் பார்க்கலாம். இசைத்தட்டோ வீட்டுக்கு வந்து முள் ஏறும் வரை தன் குணத்தைக் காட்டாது. மேலை நாட்டுப் பெரிய கடைகளில் கேட்டுப் பார்ப்பதற்கென்றே சிறு அறைகள் இருந்தன என்றாலும், முழுத் தொகுப்பையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வெறுங்கையுடன் கிளம்பும் வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரரும் நெடுநாள் பொறுத்திருக்க மாட்டார். புதிதாக வாங்கிய இசைத் தொகுப்பைப் பிறருக்குப் போட்டுக் காட்டுவதும் அதற்குத் தரம் குறிப்பதும் இந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த பழக்கங்களே.

‘ஆல்பம்’ என்ற சொல்லுக்கே ஒரு பொருள்சார்ந்த வரலாறு உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய தட்டில், 10 அங்குல அளவாயின் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிட இசைதான் கொள்ளும். ஆகவே நீண்ட படைப்பைப் பல தட்டுகளில் துண்டு துண்டாகப் பதிந்து, நிழற்படத் தொகுப்பைப் போன்ற தடித்த அட்டைப் புத்தகத்தின் உறைகளில் செருகி விற்றனர். சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசைக்கோவையை ஓடியன் நிறுவனம் 1909இல் 4 தட்டுகளாக இவ்வாறு வெளியிட்டது. 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் நெடுந்தட்டு, அதாவது எல்.பி., வந்து அத்தனையையும் ஒரே தட்டுக்குள் அடக்கிய பிறகும், பிள்ளைக்கு இட்ட பெயர் போல ‘ஆல்பம்’ என்பது ஒட்டிக்கொண்டது.

தட்டுகளுக்கென்றே ஒரு மதிப்புரை இதழை 1923இல் லண்டனில் தொடங்கியவர் ஸ்காட்லாந்து நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி. இதழின் பெயர் ‘தி கிராமபோன்’. பிரிட்டனில் இசைத்தட்டுச் சங்கங்களும் பெருகி 1936இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. விலை அதிகம் என்பதால் ஒருவர் வாங்கியதை எல்லோரும் கூடிக் கேட்பதே அச்சங்கங்களின் முதன்மைப் பணி. பகிர்வதற்கு ஒரு விலையும் இருந்தது. அரக்கால் செய்த தட்டின் மேல் எஃகு முள் ஓடும்தோறும் பள்ளம் தேயும். பக்கத்துக்கு ஒரு முள்ளாக மாற்ற வேண்டும். தட்டைக் காக்க நினைத்தவர்கள் மூங்கில் நார் முள்ளைச் செதுக்கிச் செதுக்கிப் பயன்படுத்தினர். (அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது என்பதையும் இடையே சொல்லி வைக்கலாம்.) இசையமைப்பாளர் ஹியூகோ வோல்ஃபின் பாடல்களுக்காக 1931இல் ஹெச்.எம்.வி. நிறுவனம் அமைத்த சந்தாதாரர் சங்கம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது: 500 பேர் முன்பணம் கட்டினால்தான் பதிவே நடக்கும் என்பது அதன் ஏற்பாடு. கேட்பதற்கு முன்பே வாக்களித்த அந்த 500 பேரின் நம்பிக்கையையும் ஒருவகை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

சொற்களால் எழுதிய மதிப்புரை எப்போது நட்சத்திரமாகச் சுருங்கியது என்பதை ஒரே ஆண்டில் அடக்கிச் சொல்ல இயலாது. ஜாஸ் இசைக்கான அமெரிக்க இதழ் ‘டவுன்பீட்’ 5 நட்சத்திர அளவைப் பரப்பியது. பெயர் சொல்லாமல் தட்டைப் போட்டுக் காட்டி, இசைக்கலைஞரையே தரம் சொல்லச் செய்யும் ‘கண்கட்டுச் சோதனை’யை விமர்சகர் லெனார்ட் ஃபெதர் அதில் நடத்தினார். பிரிட்டனின் ‘பென்குவின்’ இசைத்தட்டு வழிகாட்டி நூல் நெடுங்காலம் 3 நட்சத்திரங்களோடு நின்றுகொண்டு, மதிப்பிட்டவர் மனத்தைப் பறிகொடுத்த ஒருசில தட்டுகளுக்கு மட்டும் ஒரு ரோஜாச் சின்னத்தைத் தந்தது. அளவுகோலுக்குள் அடங்காத ஆசைக்கு அளவுகோலுக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கிய அந்த நேர்மை பின்வந்த பலரிடம் இல்லை.

இத்துறையில் தனித்து நிற்பவர் விமர்சகர் ராபர்ட் கிரிஸ்ட்காவ். நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழில் 1969இல் அவர் தொடங்கிய பகுதிக்கு ‘நுகர்வோர் வழிகாட்டி’ என்று பெயர். ராக் இசையைக் கலகமாகவும் தவமாகவும் கொண்டாடிய தலைமுறையிடம், அதுவும் காசு கொடுத்து வாங்கும் சரக்குதான் என்று சீண்டிய பெயர் அது. ஒரு தொகுப்புக்கு ஒரு பத்தி. பத்தியின் முடிவில், பள்ளி ஆசிரியர் விடைத்தாளில் போடுவது போல, ‘ஏ பிளஸ்’ முதல் ‘ஈ மைனஸ்’ வரை ஒரு தரம். 1978இல் வெளியான ‘டேக் நோ பிரிசனர்ஸ்’ என்ற மேடைப்பதிவில் பாடகர் லூ ரீட், பாட்டுக்கு நடுவே அவரைப் பெயர் சொல்லி வசைபாடினார். தம் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி கூறிய கிரிஸ்ட்காவ், அத்தொகுப்புக்கு ‘சி பிளஸ்’ போட்டார். 1990இல், வெளியீடுகளின் வெள்ளத்தைச் சமாளிக்க முடியாமல், கீழ்த்தரங்களைப் பெரும்பாலும் கைவிட்டு, தமக்குப் பிடித்த தொகுப்புகளையே விரிவாக எழுதும் முறைக்கு மாறினார். அவருடைய தீர்ப்புகளில் பிழையானவை பல உண்டு. ஆனால் தொடர்ந்து படித்தவருக்கு அவர் எதில் இரங்குவார், எதில் எரிச்சலடைவார் என்பது தெரிந்திருந்தது. அவருக்குப் பிடிக்காததால் ஒரு தட்டைத் தேடிப்போய் வாங்கும் வாசகரும் அதனாலேயே இருக்க முடிந்தது. மதிப்பெண்ணின் பயன், போடுபவர் சரியாகச் சொல்வதைவிட மாறாமல் சொல்வதில்தான் இருக்கிறது.

பழைய தட்டுகளின் சந்தையில் தரம் என்ற சொல்லுக்கு வேறு பொருள். அங்கே மதிப்பிடப்படுவது பாட்டு அன்று, பிளாஸ்டிக். அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ இதழ் பரப்பிய படிநிலையில் உச்சியில் ‘மின்ட்’, அதற்கடுத்து ‘நியர் மின்ட்’, பின்னர் ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’, ‘குட்’ எனத் தரங்கள் இறங்கும். தேர்ந்த வியாபாரி தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து மயிரிழைக் கீறல்களைத் தேடுவார். கீறல் ஆழமா என்று விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பார்ப்பார். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய வெண்கோடுகள் ஓடியிருந்தால், சுழல் அச்சில் மாட்டும்போது முந்தைய உடைமையாளர் எத்தனை முறை தடுமாறினார், அதாவது எத்தனை முறை கேட்டார் என்று கணக்கிடுவார். உறைக்குத் தனித் தரம். ‘நியர் மின்ட்’ விலையில் ‘வெரி குட் பிளஸ்’ பாதி, ‘வெரி குட்’ கால்பங்கு என்பது பொதுவான கணக்கு. ‘மிக நன்று’ என்றால் கரகரக்கும், ‘நன்று’ என்றால் வாங்காதே என்று பொருள்படும் இந்த மொழியைப் புதியவர் பணத்தை இழந்துதான் கற்கிறார். கேட்கப்படாத தட்டே உயர்ந்த தட்டு என்ற முரணும் இதில் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் திரைப்படத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் நன்றாக வேரூன்றியது; ‘16 வயதினிலே’ படத்துக்கு ‘ஆனந்த விகடன்’ தந்த 62.5 இன்றும் பேசப்படுகிறது. ஆனால் பாடல் தொகுப்புக்கு மதிப்பெண் போடும் மரபு அதே அளவுக்கு இங்கே வளரவில்லை. காரணம் ரசனைக் குறைவன்று. தெரியாத சரக்கை வாங்கும் இடர்ப்பாடே பெரும்பாலோருக்கு இல்லை. தட்டை வாங்கியவர் மைக் செட்காரர். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கி வழியாக அவர் ஊருக்கே போட்டுக் காட்டினார். மிச்சத்தை இலங்கை வானொலியும் தேநீர்க் கடையும் பார்த்துக்கொண்டன. வாங்கும் நாள் வருவதற்குள் பாட்டு மனப்பாடமாகியிருக்கும்.

ஆகவே இங்கே தேவைப்பட்டது தீர்ப்பு அன்று, தேர்வு. 1980களில் தெருவுக்குத் தெரு முளைத்த ரெக்கார்டிங் சென்டர் அந்தத் தேவையைத்தான் நிறைவேற்றியது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 6 அல்லது 7 பாட்டு. எந்தப் படத்தில் எந்தப் பாட்டு, எதற்குப் பின் எது என்று வாடிக்கையாளர் தாளில் எழுதிக் கொடுப்பார். பக்க முடிவில் இடம் மிஞ்சினால் கடைக்காரர் ஒரு டைட்டில் இசையால் நிரப்புவார். காப்புரிமைச் சட்டம் இதை ஏற்காது என்பது வேறு விஷயம். நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு அங்கே உடைந்து, கேட்பவர் ஆக்கிய தொகுப்பு பிறந்தது. பட்டியலில் ஒரு பாட்டு இடம்பெற்றதே அதற்குக் கிடைத்த முழு மதிப்பெண், விடுபட்டதே பூஜ்யம். நண்பர்கள் இரவல் வாங்கி, பட்டியலைப் படியெடுத்து, தமக்கென இரண்டு பாட்டை மாற்றிப் பதிந்துகொண்டபோது அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கும் உள்ளானது.

இன்று கைப்பேசியில் எதையும் வாங்காமலே கேட்க முடிகிறது என்பதால், நட்சத்திரம் போடுபவர் யாருடைய பணத்தையும் காப்பதில்லை. தம் ரசனையைத் தாமே குறித்து வைக்கிறார். அந்த வேலையைத் தமிழர்கள் பந்துமுனைப் பேனாவால், கேசட் பெட்டியின் உள் அட்டையில், முன்பே செய்திருக்கிறார்கள். நாடா பூசணம் பிடித்திருக்கலாம், கேட்கும் கருவி வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். பரணில் அத்தகைய பெட்டிகள் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அந்தப் பட்டியல் அட்டைகளை மட்டுமாவது எடுத்துவைத்து, சேகரிக்க முன்வரும் ஒரு நூலகத்திடம் சேர்ப்பிக்க வேண்டும்.