நியூட்டனின் உலை

ஐசக் நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதிவைத்தது சுமார் பத்து லட்சம் சொற்கள். 1888இல் அவருடைய தாள்களைப் பட்டியலிட்டு முடித்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், கணிதத்தை வைத்துக்கொண்டு ரசவாதத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. 1936இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தன. கணிசமான பகுதியைத் தேடிச் சேர்த்த பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ், படித்துவிட்டு நியூட்டனை மந்திரவாதிகள் வரிசையின் கடைசியில் உட்காரவைத்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் ‘உபயோகமில்லை’ என்றது, கெய்ன்ஸ் ‘மர்மம்’ என்றார், அவ்வளவுதான் வித்தியாசம். இருவருமே ரசவாதத்தை அறிவியலுக்கு வெளியில்தான் நிறுத்தினார்கள்.

அதை உள்ளே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெட்டி ஜோ டாப்ஸ். 1975இல் வந்த அவருடைய நூலின் வாதம் இது: பொருளுக்குள்ளேயே இயங்கும் சக்தி உண்டு என்ற ரசவாத எண்ணம் பழகியதால்தான், தொடாமலே இழுக்கும் ஈர்ப்புவிசையை நியூட்டனால் யோசிக்க முடிந்தது. வில்லியம் நியூமன் இதை ஏற்கவில்லை. அவர் வேறு வேலை செய்தார்: நியூட்டனின் செய்முறைகளை ஆய்வகத்தில் தானே செய்து பார்த்தார். ஒருவர் எழுதிய கோடைப் புரிந்துகொள்ள அதை ஓட்டிப் பார்ப்பது மாதிரி. அவர் காட்டும் தொடர்பு ஒளியியலில் இருக்கிறது. ராபர்ட் பாயில் வெடியுப்பைப் பிரித்து மறுபடி சேர்த்தார். நியூட்டன் வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்து மறுபடி வெள்ளையாக்கினார். பிரித்ததைச் சேர்த்துக் காட்டுவதே நிரூபணம் என்ற பழக்கம் உலைக்கூடத்திலிருந்து வந்தது என்கிறார்.

எனக்கு நியூமனின் வாதம்தான் உறுதியாகப் படுகிறது. டாப்ஸ் இரண்டு எண்ணங்களின் சாயலைப் பார்த்து உறவு சொல்கிறார்; நியூமன் கைப்பழக்கத்தைக் காட்டுகிறார்.

ஆனால் அவரிடம் ஒரு குறை. அவருடைய நியூட்டன் கிட்டத்தட்ட நம்ம காலத்து ஆய்வாளர். ஏறக்குறைய முப்பது வருடம், தங்கம் கிடைக்காமலே, ஏன் ஒருவர் உலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்? கடவுள் பொருளுக்குள் எப்படிச் செயல்படுகிறார் என்ற தவிப்பை டாப்ஸ்தான் காதுகொடுத்துக் கேட்கிறார்.

ஒளியியலுக்கு உதவியது என்பதால் மட்டும் ரசவாதத்தை மன்னித்தால், நாமும் 1888இன் பட்டியலைத்தான் போடுகிறோம். உதவாத பக்கங்களையும் எழுதியது அதே ஆள்தானே?