சரிபார்ப்பெண்ணும் மூலபாடமும்: பயாஸ் பிரதிகளை முன்வைத்து நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு ஏடுகள்

பழைய விளையாட்டுக் கருவிகளைக் கணினியில் இயக்கும் எமுலேட்டர்கள் பலவற்றுக்கு, அக்கருவிகளின் பயாஸ் என்னும் நிலைபொருளின் பிரதி தேவை. 1994இல் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷனின் பயாஸ் 512 கிலோபைட் அளவினது. அதில் ஒரு பிட் திரிந்தாலும், எம்டி5, எஸ்எச்ஏ-1 முறைகளில் கணிக்கப்படும் சரிபார்ப்பெண் முற்றிலும் மாறிவிடும்.

எண் ஒத்துவந்தால் திருத்தமான பாடம் கிடைத்துவிட்டது எனப் பதிப்பாய்வாளர் கருதக்கூடும். அவ்வாறன்று. இப்பிரதியும் முன்பு பதிவான பிரதியும் ஒன்றே என்பதை மட்டும் எண் சொல்கிறது. முன்னது பிழையாகப் படித்தெடுக்கப்பட்டிருப்பின், அப்பிழையும் எண்ணால் காக்கப்படும். ஆதலால்தான் வேறொரு கருவியிலிருந்து தனியே எடுத்த பிரதியோடு ஒப்பிடுகின்றனர். 1997இல் தொடங்கிய மேம் எமுலேட்டரின் பட்டியல், ஐயத்துக்குரியவற்றை நீக்காமல் பழுதுற்ற பிரதி எனக் குறித்து வைக்கிறது.

நமக்கு இதனினும் பயன்படுவது இத்தகைய பட்டியல்களின் அமைப்பு. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளில் விற்ற பிளேஸ்டேஷன்களின் பயாஸ்கள் வெவ்வேறானவை. அவற்றுள் ஒன்றை மூலமாக்கிப் பிறவற்றைப் பாடபேதமாக ஒதுக்குவதில்லை. எஸ்சிபிஎச்-1001 என்பதுபோல ஒவ்வொன்றும் தன் கருவியின் மாதிரி எண்ணோடு தனித்து நிற்கிறது.

வில்லுப்பாட்டுக்கும் இந்நெறியே பொருந்தும். கொடைவிழாவில் புலவர் பாடும் கதை, குழுவினர் வழிவழியாகப் போற்றிய ஏட்டைச் சார்ந்தது. ஊருக்கு ஊர் வேறுபடுவது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் இவ்வட்டாரப் பாடத்தை நிகழ்த்துதலோடு பிணைத்தே ஆராய்ந்தது. பல ஏடுகளின் நல்ல வரிகளைத் தெரிந்து கோத்தால் எந்தக் கொடையிலும் பாடப்படாத கதையே உருவாகும். மூன்று பகுதிகளின் பயாஸ்களை ஒட்டிய கோப்பு எக்கருவியிலும் இருந்திராதது போல.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. பயாஸ் தொழிற்சாலையில் பதிந்தபடி நிற்பது. ஏடோ பெயர்த்தெழுதுந்தோறும் மாறுவது. அம்மாற்றம் பழுதா, புலவரின் ஆக்கமா என்பது எண்ணுக்குத் தெரியாது. ஏட்டின் ஒளிப்படக் கோப்புக்கு எண்ணிடுதல் தகும். பெயர்த்தெழுதிய பாடத்துக்கு இடுவதில்தான் சிக்கல்: ஏட்டில் புள்ளியின்றி நிற்கும் மெய்யையும், எகர ஏகார வேறுபாடு காட்டாத கொம்பையும் பதிப்பாளர் தீர்த்த வகையே அங்கு உறைந்துவிடுகிறது. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகக் குறியேற்றலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, சரிபார்ப்பெண் வேறு. குறியேற்றத்தை முதலில் ஒருமுகப்படுத்தாமல் எண்ணிட்டால், ஏட்டில் இல்லாத பாடபேதம் ஒன்று கணினியில் பிறக்கும்.