கோல்ஃப் பந்து என்ன அளவுகோலா?

அமெரிக்க ஆங்கிலச் செய்திகளில் ஆலங்கட்டி மழை வந்தால் கூடவே ஒரு பந்தும் வந்துவிடும். ‘கோல்ஃப் பந்து அளவு’, ‘பேஸ்பால் அளவு’ என்பார்கள். சும்மா வர்ணனைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லை. அந்நாட்டின் தேசிய வானிலைச் சேவையே இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது: பட்டாணி கால் அங்குலம், பென்னி நாணயம் முக்கால், குவார்ட்டர் நாணயம் 1, கோல்ஃப் பந்து 1.75, பேஸ்பால் 2.75.

யோசனை நல்லதுதான். புயலுக்கு நடுவில் யாரும் ஸ்கேல் தேட மாட்டார்கள். நாணயமும் பந்தும் எல்லோரும் கையில் பிடித்துப் பார்த்தவை. எங்கே வாங்கினாலும் ஒரே அளவு. கோலிக்குண்டு பல சைஸில் கிடைப்பதால், ‘கோலி அளவு’ என்று சொல்ல வேண்டாம் என்றே வானிலைச் சேவை கேட்டுக்கொள்கிறது. ஆனால் கோழிமுட்டைக்கும் கிரேப்ஃப்ரூட்டுக்கும் அட்டவணையில் இடம் உண்டு! இவை மட்டும் ஒரே சைஸிலா இருக்கு?

சிக்கல் பேச்சில் இல்லை, அது எண்ணாக மாறும்போதுதான் வருகிறது. நிஜ குவார்ட்டரின் விட்டம் 0.955 அங்குலம், அட்டவணை அதை 1 என்கிறது. முன்பு முக்கால் அங்குலமாக இருந்த ‘கடும் புயல்’ வரம்பை 2010-இல் 1 அங்குலமாக உயர்த்தினார்கள். ஆக, ‘குவார்ட்டர் அளவு’ என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னாலே அந்த வரம்பு தொட்டாச்சு. கோல்ஃப் பந்துக்கும் விதிப்படி குறைந்தபட்ச விட்டம் 1.68 தான், 1.75 அல்ல.

அமெரிக்க அரசின் புயல் தரவை இறக்கி ஒரு ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க. 1, 1.75, 2.75 என்று கம்பம் கம்பமாக நிற்கும், நடுவில் பள்ளம். வானத்துக்கு பேஸ்பால் தெரியாது. அந்தக் கம்பங்கள் இயற்கையின் வடிவம் இல்லை, ஆங்கிலப் பேச்சுவழக்கின் வடிவம்.

2010-இல் தெற்கு டகோடாவின் விவியனில் விழுந்த கட்டியை அளந்து, எடையும் போட்டார்கள்: விட்டம் 8 அங்குலம். அந்த எண்ணும், யாரோ ஜன்னல் வழியே பார்த்துச் சொன்ன 1.75-உம் ஒரே காலத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. போக்கைக் கணக்கிட வருகிற ஆய்வாளர் இரண்டையும் அளவீடு என்றே எடுத்துக்கொண்டால் தப்பு யாருடையது?

பந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ‘கோல்ஃப் பந்து அளவு’ என்பது நேர்மையான தோராயம். 1.75 என்று மட்டும் எழுதிவைத்தால் அந்த நேர்மை போயிடுது. அவர் சொன்ன வார்த்தையையும் பக்கத்திலேயே எழுதி வைக்கலாமே.